பத்து வரைக்கும் எண்ணத் தெரிந்த பிள்ளை

எங்கள் ஆசிரிய கலாசாலையின் விசேட கல்விப் பிரிவுக்குப் பதினைந்து வயது ஆகப்போகிறது, சிறப்பு மலர் போடவேண்டும், பிரிவின் வரலாற்றை நீங்கள்தான் எழுதவேண்டும் என்று அதிபர் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்று பக்கம், நடுவில் நாலு படம், இரண்டு கிழமைத் தவணை.

"சேர், எனக்கு உதெல்லாம் எழுத வராது."

"உங்களை விட்டா ஆர் இருக்கினம்? முதல் அணியிலை படிச்சதும் நீங்கள், இப்ப படிப்பிக்கிறதும் நீங்கள். நடமாடுற வரலாறே நீங்கள்தானே."

ஆசிரியர் அறையில் இருந்த எல்லோரும் 'நடமாடுற' என்ற சொல்லுக்குச் சிரித்தார்கள். நான் ஓரிடத்தில் இருக்கிறவள் இல்லை. நடந்துகொண்டுதான் படிப்பிப்பேன், நின்றுகொண்டுதான் தேத்தண்ணி குடிப்பேன், கூட்டம் அரை மணித்தியாலத்தைத் தாண்டினால் யன்னலடிக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவளைக் கதிரையில் இருத்தி வரலாறு எழுதச் சொன்னால் என்ன நடக்கும்? மூன்று நாளும் தலைப்பை எழுதினேன், வெட்டினேன், எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். மின்விசிறி கிறீச்சிடுகிறது என்று அலுவலகத்தாரோடு சண்டை பிடித்தேன். பேனை சரியில்லை என்று பேனையையும் மாற்றினேன்.

எழுத விஷயம் இல்லாமல் இல்லை. தர்மபுரத்துக்கு இந்தப் பக்கம், போர் முடிந்து சனம் முகாம்களிலிருந்து திரும்பி வந்து காணி துப்புரவாக்கிக்கொண்டிருந்த காலத்தில், தகரக் கூரையும் அரைச் சுவருமாய் ஒரு மண்டபத்தில்தான் இந்தப் பிரிவு தொடங்கியது. உதவி நிறுவனம் ஒன்று தந்த அலுமாரி, வண்ண அட்டைகள் ஒரு பெட்டி, மரக்கட்டைகள் ஒரு பெட்டி. முதல் அணியில் சேர்ந்த எங்களில் பாதிப்பேர் விரும்பி வந்தவர்கள் அல்ல. கேட்ட பாடம் கிடைக்காமல் வந்தவர்கள். நானும் அப்படித்தான். "அதென்ன, விசர்ப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற கோர்ஸோ?" என்று என் பெரியம்மா வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மா அயல்சனத்துக்கு நான் விஞ்ஞானம் படிக்கிறேன் என்றே சொல்லிவந்தார்.

வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையை இதுவரை மூன்று தரம் எழுதியாயிற்று. அமைச்சிலிருந்து சுற்றறிக்கை வரும், சொல் மாறும், பலகை மாறும். மூன்றாம் தரம் எழுத வந்தவர் தூரிகையைத் துடைத்தபடி, "என்ன ரீச்சர், பிள்ளையள் அதே பிள்ளையள்தானே, பேர் மட்டும் மாறிக்கொண்டிருக்கு?" என்று கேட்டார். "உமக்கேன் அந்தக் கதை, எழுத்துப் பிழை விடாமல் எழுதும்" என்று நான் சீறினேன். பாவம், அவர் கேட்டதில் பிழை இல்லை.

இதையெல்லாம் எழுதலாமா, எழுதினால் அதிபர் விடுவாரா என்று நான் அந்தரப்பட்டுக்கொண்டிருந்த நாலாம் நாள் அந்த அம்மா வந்தார்.

கலாசாலையிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம் போனால், குளக்கட்டுக்கு அங்கால் அவருடைய வீடு. தாயும் மகளும் மட்டும். கணவர் இல்லை. கூலிக்கு வயல் வேலை, கச்சான் கடலை பிடுங்கும் வேலை என்று எது கிடைக்கிறதோ அதற்குப் போகிறவர். மகளுக்கு டவுன் சின்ட்ரோம். அந்தப் பிள்ளையைப் பத்து வயதிலிருந்து எனக்குத் தெரியும். எனக்கு மட்டுமல்ல, எங்கள் பிரிவில் படித்து வெளியேறிய முக்கால்வாசிப் பேருக்கும் தெரியும்.

செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, விரலிடுக்கெல்லாம் கச்சான் மண்ணோடு நின்றார்.

"ரீச்சர், ஒரு கடிதம் வேணும். கேக்கலாமோ எண்டு தெரியேல்லை."

"கேளுங்கோ அம்மா. முதலிலை இந்தக் கதிரையிலை இருங்கோ."

அவர் இருக்கவில்லை. பளைப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் திறக்கிறார்களாம். இவளைப் போன்ற பிள்ளைகளுக்குத்தானாம். மிளகாய்த்தூள், மல்லித்தூள் பைக்கற்றுகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலை, பெட்டிக்கு இருபது. காலையில் வான் வந்து ஏற்றிக்கொண்டு போய்ப் பின்னேரம் கொண்டுவந்து விடும். இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். மகளுக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து. நேர்முகத் தேர்வு இன்னும் பன்னிரண்டு நாளில். படிப்பித்தவர்களிடமிருந்து ஒரு கடிதம் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"இது தப்பினா வேறை ஒண்டும் இல்லை ரீச்சர். எத்தினை நாளைக்கு நான் அவளை உள்ளுக்கை விட்டுப் பூட்டிப்போட்டு வேலைக்குப் போறது? போன மாதம் கூரைக்கை பாம்பு. அவள் உள்ளுக்கை, நான் வயலுக்கை, திறப்பு என்ரை மடியிலை. பக்கத்து வீட்டுத் தம்பி ஓடிவந்து சொல்லி நான் போறதுக்கிடையிலை என்ரை உயிர் போட்டுது."

அவர் அவளைப் பூட்டிவிட்டுப் போவது எனக்குத் தெரியாது. பதினைந்து வருடமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன், நாங்கள் போகும் நேரத்தில் கதவு எப்போதும் திறந்துதான் இருந்தது.

"கடிதம்தானே அம்மா. நாளைக்கு வந்து எடுங்கோ" என்றேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எங்கள் பிரிவு தொட்டு வளர்த்த பிள்ளை வேலைக்குப் போகப் போகிறாள், மலருக்கு நாலு படத்தில் ஒன்று அவளுடையது என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

கடிதத்தில் நாலு விஷயம் ஆதாரத்தோடு எழுதலாம் என்று அலுமாரியைத் திறந்தேன். ஆசிரியராகப் பயில வரும் எங்கள் பயிலுநர்கள் ஒவ்வொருவரும் ஒரு தவணை முழுக்க ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துத் தனியாள் ஆய்வு செய்யவேண்டும். கிழமைக்கு இரண்டு நாள் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் படிப்பிக்க வேண்டும். முதல் நாள் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்ப்பார்கள், கடைசி நாள் என்ன தெரியும் என்று பார்ப்பார்கள். அந்த இரண்டு நாளும் விரிவுரையாளர் கூடப் போவார். எவ்வளவு முன்னேற்றமோ அவ்வளவு புள்ளி. பிறகு எல்லாவற்றையும் எழுதிக் கட்டி, அட்டை போட்டு, பைலாகக் கொண்டுவந்து தருவார்கள். பிள்ளையின் பெயர் எழுதக்கூடாது என்பது விதி. அதனால் 'செல்வி அ', 'செல்வி க' என்று போடுவார்கள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியைப் படமாகக் கீறவேண்டும். அந்தப் படத்தைப் பார்த்தே நான் அந்தப் பிள்ளையின் பைல்களைப் பிரித்தெடுத்தேன். கலாசாலை வாசல், மதகு, குளக்கட்டு, வேலி.

பதினொரு பைல் வந்தது. இடையில் நாலு வருடம் புது அணி சேர்க்கவில்லை. மேசை காணாமல் நிலத்தில் பரப்பினேன்.

மேலே கிடந்த பைல்: 'தொடக்கத்தில் எண்ணத் தெரியாது. இறுதியில் ஒன்று முதல் பத்து வரை எண்ணுகிறார்.' இரண்டாவது: 'தொடக்கத்தில் எண்ணத் தெரியாது. இறுதியில் பத்து வரை.' மூன்றாவதும் அப்படியே. ஏழாவதும் அப்படியே. ஒவ்வொரு வருடமும் அந்தப் பிள்ளை ஒன்றும் தெரியாதவளாகத் தொடங்கிப் பத்தில் முடிந்திருந்தாள். வயதும் அப்படித்தான். ஆய்வுக்கு எடுக்கும் பிள்ளை பதினாலு வயதைத் தாண்டக்கூடாது என்று ஒரு விதி உண்டு. வருட வரிசையில் நாலாவது பைலிலிருந்து கடைசிப் பைல் வரைக்கும் அவளுக்குப் பதினாலு வயதுதான். ஒவ்வொரு பைலின் கடைசிப் பக்கத்திலும் ஒரு படம். சுவரோரம் நிமிர்ந்து நின்று சிரிக்கிறாள். பிந்திய படங்களில் அவள் தாயைவிட உயரம், கீழே 'வயது 14' என்று இருக்கிறது.

பக்கத்தில் சிவப்பு மையில்: 'மிகச் சிறந்த முன்னேற்றம்.' அது என் கையெழுத்து. கடைசி ஏழு பைலிலும் என் கையெழுத்து. அடியில் கிடந்த முதல் பைலை எடுத்தேன். அதைத் திறக்கத் தேவையில்லை, அட்டையிலேயே தெரியும். அது நான் பயிலுநராக இருந்தபோது எழுதியது.

சீ என்று போய்விட்டது எனக்கு. எழும்பி மண்டபத்தை இரண்டு தரம் சுற்றி நடந்தேன். ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஒன்றாக அடுக்கிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நான் அவளிடம் முதன்முதல் போனது கடும் மழைக்காலம். என்னோடு வந்து தொடக்க நிலையைப் பார்க்க வேண்டிய விரிவுரையாளருக்கு வீதி வெள்ளத்தால் மூன்று கிழமை வர முடியவில்லை. நான் சும்மா இருக்கிற பிறவியா? குடையைப் பிடித்துக்கொண்டு தினமும் போய்ப் படிப்பித்தேன். அவள் ஐந்து வரைக்கும் எண்ணப் பழகிவிட்டாள். சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் விடுதிக்கு வந்து சொன்னேன். கூட இருந்தவள் கட்டிலில் படுத்தபடியே கேட்டாள்: "விசரி, இப்பவே தெரிஞ்சா உனக்கு முன்னேற்றம் எங்காலை காட்டுறது? புள்ளி போட்டுது, போ."

அடுத்த நாள் விரிவுரையாளர் வர இருந்தார். நான் பிள்ளைக்கு முன்னால் குந்தி இருந்து சொன்னேன்: "நாளைக்கு மிஸ் பைலோடை வந்து கேட்டா, இப்பிடி வாயிலை கையை வைச்சு, தெரியாது எண்டு தலையாட்ட வேணும். சரியே? இனிப்பு ரொபி தருவன்." அவள் இரண்டு தரம் செய்து காட்டினாள். மறுநாள் அச்சொட்டாகச் செய்தாள். தவணை முடிவில் பத்து வரைக்கும் எண்ணினாள், எல்லோரும் கைதட்டினோம், சுவரோரம் நிற்கவைத்துப் படம் எடுத்தோம். எங்கள் அணியில் எனக்குத்தான் முதலிடம்.

அடுத்த அணி வந்தபோது வண்ண அட்டைகளையும் கொடுத்து, அந்த வீட்டுக்கு வழியும் சொல்லிக் கொடுத்தேன். "நல்ல பிள்ளை. ஒரு கரைச்சலும் இல்லை. முதல் நாள் தெரியாது எண்டு சொல்லுவாள், பயப்பிடாதேங்கோ." அவர்கள் அதற்கடுத்த அணிக்குச் சொன்னார்கள். பிறகு நானே விரிவுரையாளராக வந்து, முதல் நாளும் கடைசி நாளும் அந்த வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்தேன். அவள் வாயில் கை வைப்பதைப் பார்த்தேன், 'எண்ணத் தெரியாது' என்று எழுதினேன். தெரிந்துகொண்டேதான் எழுதினேன். பயிலுநர்களும் பாவம், தூரத்து வீடுகளுக்கு பஸ் இல்லை, பிள்ளையும் ரொபிக்குச் சந்தோஷப்படுகிறாள், யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன். அவள் பதினொன்றுக்கு எப்போது போவாள் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. எங்கள் பிரிவுக்கு வரலாறு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

கடிதம் எழுதும் முன் அவளை ஒரு தரம் பார்த்துவிடுவோம் என்று பின்னேரமே ஸ்கூட்டியில் போனேன். கையில் பைல். என்னைக் கண்டதும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மிஸ்! மிஸ்!" என்று ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து முற்றத்தில் வைத்தாள், பாயை விரித்தாள், முன்னால் சம்மணம் கட்டி இருந்தாள். நான் பைலைத் திறந்து, "எண்ணுங்கோ பாப்பம்" என்றேன். வாயில் கை. தலையாட்டல். நான் ஒன்று, இரண்டு என்று தொடங்கினேன். அவளும் சேர்ந்துகொண்டாள். பத்து வந்ததும் தானே கைதட்டினாள், எழும்பிப் போய்ச் சுவரோரம் நின்று, "போட்டோ" என்றாள்.

ஒரு தவணைப் பாடம் முழுவதையும் அவள் ஐந்து நிமிடத்தில் நடத்தி முடித்துவிட்டாள். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. கோபத்தை யார்மேல் காட்ட? பைலைக் கொண்டுபோய் ஸ்கூட்டிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன்.

"அம்மா, நாளையிலை இருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் வாறன். இருபது வரைக்கும் பழக்கி விடுறன்."

"ஐயோ ரீச்சர், உங்களுக்கு எத்தினை வேலை..."

"வேலை கிடக்கட்டும்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் குளக்கட்டில் வரும்போது நினைப்பேன். வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியதும், தேர்வு முடியட்டும், இடம் கிடைத்தபிறகு சிரித்துச் சிரித்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போடுவேன்.

கட்டைகளும் வண்ண அட்டைகளும் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். சின்னச் சின்ன உறைகளில் மணலைப் போட்டுக் கட்டினேன். பழைய பிஸ்கட் பெட்டி ஒன்று எடுத்தேன். எண்ணி எண்ணிப் பெட்டியில் அடுக்கவேண்டும். முதல் மூன்று நாளும் பத்தில் நின்றுவிட்டாள். நாலாம் நாள் நான் ஒரு வேலை செய்தேன். பத்து வந்ததும் அவள் கைதட்ட எடுக்க, அந்தக் கையிலேயே அடுத்த உறையை வைத்து, "பதினொண்டு" என்றேன். அவள் திகைத்து என்னையும் உறையையும் மாறி மாறிப் பார்த்தாள். பெட்டியில் வைத்தாள். "பன்ரண்டு" என்றேன். வைத்தாள். கடவுளே, அன்று நான் அந்த முற்றத்தில் குதித்தேன். தாய் குசினிக்குள்ளிருந்து ஓடிவந்து, "என்ன ரீச்சர், என்ன, பாம்பு கடிச்சுப்போட்டுதோ?" என்று கேட்டார்.

பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பதினேழு என்ற சொல்லில் அவளுக்கு என்னவோ ஒரு பகிடி. பதினேழு வந்தாலே விழுந்து விழுந்து சிரிப்பாள், நானும் சிரிப்பேன், எண்ணிக்கை குழம்பும், மறுபடி தொடங்குவோம். தேர்வுக்கு முதல்நாள் ஐந்து தரம் அடுக்கினாள், நாலு தரம் சரியாக இருபது.

அதற்கிடையில் அதிபர் தொலைபேசியில் விடாமல் நெருக்கினார். "அச்சகம் காத்துக்கொண்டிருக்கு, வரலாறு எங்கை?" என்றார். கடைசியில் ஒரு மத்தியானம் நின்ற நிலையில் மூன்று பக்கத்தை எழுதிக் கொடுத்தேன். தகரக் கொட்டகையில் தொடங்கி, அர்ப்பணிப்பில் வளர்ந்து, ஆலமரமாய் விரிந்து என்று வழமையான பாட்டு. மலர் வெளிவந்துவிட்டது. படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இங்கே நான் எழுதுவதில் ஒரு வரியும் அதில் இல்லை.

தேர்வன்று தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் பளைக்குப் போனேன். அவளுக்குப் புதுச் சட்டை, தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல். பஸ்ஸுக்குள் யன்னலோரம் இருந்து இருபது வரைக்கும் சத்தமாக எண்ணினாள். முன் கதிரையில் இருந்த ஒரு ஐயா திரும்பிப் பார்த்து, "சோக்காய் எண்ணுறாய் பிள்ளை" என்றார். தாய் என் கையைப் பிடித்து அமத்தினார். எனக்கும் உள்ளுக்குள் நம்பிக்கை ஏறிக்கொண்டு வந்தது.

உள்ளே கூப்பிட்டபோது எங்களையும் கூட இருக்க விட்டார்கள். மேசைக்கு அங்கால் மூன்று பேர். நடுவில் இருந்த அதிகாரி அம்மா நல்ல மனுசி. "வாங்கோ பிள்ளை, பயப்பிடாமல் இருங்கோ" என்று சொல்லி, நான் எழுதிக் கொண்டுபோன கடிதத்தை வாங்கி வைத்துவிட்டுத் தன் முன்னால் கிடந்த நீலப் பைலைத் திறந்து, பேனையை எடுத்தார்.

அவள் பைலைப் பார்த்தாள். முதுகை நிமிர்த்தினாள். அவளுடைய முகத்தில் எனக்கு நன்றாகப் பழகிய ஒரு சிரிப்பு வந்தது. அத்தனை நாளும் அவள் கண்ணில் படாமல் பைலைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் படிப்பித்தேன். ஆனால் இங்கே ஒரு பைல் இருக்கும் என்பதை, இத்தனை வருடம் பைலோடு மாரடித்த நான், ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"ஒண்டிலை இருந்து எண்ணுங்கோ பாப்பம்."

வாயில் கை. தலையாட்டல்.

"அவளுக்குத் தெரியும் மடம். இருபது வரைக்கும் தெரியும்." நான் எழும்பிவிட்டேன்.

"ரீச்சர், நீங்கள் இருங்கோ. பிள்ளை செய்யட்டும்." அதிகாரி அம்மா அவளைப் பார்த்து, "நான் சொல்லித் தாறன், சரியே? ஒண்டு... ரெண்டு..." என்றார்.

அவளும் சேர்ந்துகொண்டாள். தெளிவாக, ஒவ்வொன்றாக, பத்து வரைக்கும். பிறகு கைதட்டினாள். எழும்பிப் போய்ச் சுவரோரம் நின்றாள்.

"பதினொண்டு, பிள்ளை. பதினொண்டு சொல்லுங்கோ" என்று நான் கெஞ்சினேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "முடிஞ்சுது மிஸ்" என்றாள்.

அவர்கள் ஒன்றும் அநியாயம் செய்யவில்லை. உண்மையான தூள் பைக்கற்றுகளையும் ஒரு பெட்டியையும் கொண்டுவந்து வைத்து, அடுக்கச் சொன்னார்கள். பத்தைப் பிசகாமல் அடுக்கினாள். மூடியை மூடி, இரண்டு கையாலும் எடுத்து அதிகாரி அம்மாவிடம் நீட்டினாள்.

"நீங்கள் எத்தினை வருசமா இந்தப் பிள்ளைக்குப் படிப்பிக்கிறியள், ரீச்சர்?"

"பதினைஞ்சு."

"பதினைஞ்சு வருசத்திலை பத்தோ?"

அவர் குத்திக் கேட்கவில்லை. விளங்காமல்தான் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரொபி கொடுத்ததை, வாயில் கை வைக்கப் பழக்கியதை, அணி அணியாக அதைக் கைமாற்றியதை, நான் சிவப்பு மையில் எழுதியதை. பைலைக் கண்டால் தெரியாது என்றுதான் தொடங்க வேண்டும், பத்தில்தான் முடிக்க வேண்டும் என்று அவளுக்கு நாங்கள்தான் படிப்பித்தோம் என்றேன். சொல்லும்போது அறைக்குள் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன் போல. பக்கத்தில் இருந்தவர் என்னை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பிள்ளையின் தாய் கதிரையில் அசையாமல் இருந்தார்.

அதிகாரி அம்மா பேனையைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் சொன்னார்: "நீங்கள் சொல்லுறதை நான் நம்புறன் ரீச்சர். ஆனா நான் கண்டதைத்தான் எழுதலாம். வெளியிலை இன்னும் எத்தினை பிள்ளையள் நிக்கினம், இருபது வரைக்கும் அடுக்கிற பிள்ளையளும் நிக்கினம். கோவிக்காதேங்கோ." இடம் இல்லை. அடுத்த முறை என்றால் அவளுக்கு வயது கடந்துவிடும் என்பதையும் அவரே சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் நல்ல வெய்யில். அவள் நான் வாங்கிக் கொடுத்த பணிஸைச் சாப்பிட்டுக்கொண்டு நின்றாள். தாய் வீதியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அங்காலும் இங்காலும் நடந்தேன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா என்று சொல்ல வாயெடுத்து, இரண்டு தரம் சொல்லாமல் விட்டேன். கடைசியில் அவர்தான் கதைத்தார்.

"முதல் நாளிலை தெரியாது எண்டு சொல்லச் சொன்னது நீங்களோ ரீச்சர்?"

"ஓம் அம்மா."

"ஒவ்வொரு வருசமுமோ?"

"ஓம்."

அவர் மகளின் வாயோரம் ஒட்டியிருந்த சீனியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்த கையை அவள் கன்னத்திலிருந்து எடுக்கவில்லை.

"நான் நினைச்சன், இவள் படிச்சதை வருசா வருசம் மறந்துபோறாள் எண்டு. பிள்ளையள் வெய்யிலுக்கை சைக்கிள் உழக்கி வந்து இவ்வளவு பாடுபட்டுப் படிப்பிச்சுப்போட்டுப் போக, இவள் அடுத்த முறை ஒண்டும் தெரியாதெண்டு வாயிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டா எனக்குப் பத்திக்கொண்டு வரும். நீங்கள் எல்லாரும் வெளிக்கிட்டுப் போனாப் பிறகு அடிக்கிறனான் ரீச்சர். பூவரசந்தடியாலை. ஒவ்வொரு வருசமும். ஏன்டி மறந்தனி, ஏன்டி மறந்தனி எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சனான். இவள் அழுவாளே ஒழிய, ஒருநாளும் உங்கடை பேரைச் சொன்னதில்லை."